நாக்கு செத்துப்போச்சு

உருளைக்கிழங்குக்கு வேகும்போதே உப்புப் போட்டுவிட வேண்டும். இறக்கிய பிறகு போட்டால் அது மேலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. முதல் கடி கரிக்கும், அடுத்த கடி மண்ணாக இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கிழங்கைக் கெடுத்துக் கெடுத்து நானே கற்றுக்கொண்டேன். நீங்கள் வீட்டில் சமைப்பீர்களா, மேடம்? சமைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அடுப்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பது வருடமாக எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் ஒரே பேச்சில்தான் தொடங்கியது. அவர் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டுவார். நான் பின்னால் நின்று கேட்பேன்.

"மத்தியானத்துக்கு என்ன செய்யட்டும்?"

"ஏதாவது செய்."

ஏதாவது என்ற பெயரில் ஒரு காய் கடையில் விற்றிருந்தால் மூட்டையாக வாங்கிப் போட்டிருப்பேன். நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் முட்டைக்கோஸ் செய்தால் "மறுபடியும் கோஸா?" என்பார். சரி என்று மறுநாள் பீன்ஸ் செய்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஓரமாக ஒதுக்கி வைப்பார். ஒதுக்கியது பிடிக்காததாலா, வயிறு நிறைந்ததாலா என்று தட்டைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாளைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இன்றைக்குச் சமைப்பது எவ்வளவு அலுப்பு என்று சமைக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துக் கண்ணாடி பொருத்தும் வேலை. அந்தத் தெருவில் அவரைக் 'கண்ணாடிக்காரர்' என்றால்தான் தெரியும். கடை வீட்டிலிருந்து இரண்டு தெரு. சில நாள் அவரால் வர முடியாமல் போனால் நான் சாப்பாடு கொண்டுபோவேன். அப்போது உள்ளே யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் மூக்கில் மாட்டிய சட்டத்தில் அவர் ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போடுவார்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா? அவசரமே இல்ல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சொல்லும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். ரெண்டும் ஒண்ணுதான் என்று அவர்கள் சலித்துக்கொண்டாலும் விட மாட்டார், இன்னொரு வில்லையை எடுப்பார். முன்பின் தெரியாத மனிதர்களிடம் நாள் முழுக்க 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு' என்று கேட்டு, பதிலுக்காக அப்படி நிற்கிற ஒருவர் என் வீட்டுக்காரர். டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வயிறு எரியும், மேடம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏனென்றால் வீட்டில் நான் கேட்பதும் அதே கேள்விதான். "எப்படி இருக்கு?" பதில், "ம்."

அந்த 'ம்' கூடப் பரவாயில்லை. உப்புக் குப்பிதான் என்னை வதைத்தது. துளை போட்ட மூடி, சின்னக் கண்ணாடிக் குப்பி, உப்பு கட்டி தட்டாமல் இருக்க உள்ளே நாலைந்து அரிசி போட்டிருப்பேன். தட்டை வைத்ததும், வாயில் ஒரு கவளம் போடுவதற்கு முன்னால், அவர் கை அந்தக் குப்பிக்குப் போகும். மூன்று உதறு. எப்போதும் மூன்று. முதலில் என் கைதான் குறைத்துப் போடுகிறது என்று நினைத்து உப்பைக் கூட்டினேன். மூன்று உதறு. அப்படியானால் அவருக்கு உதறத்தான் பிடிக்கிறது என்று குறைத்தேன். மூன்று உதறு. ஒரு நாள் பிடிவாதமாக உப்பை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தேன். மூன்று உதறு உதறிவிட்டுச் சாப்பிட்டார், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார், "பரவாயில்ல" என்று எழுந்து போனார். நான் ருசி பார்த்தேன். என்னால் விழுங்க முடியவில்லை.

நோட்டுகளை எடுத்துப்போனீர்களே, அவற்றை ஏன் எழுதினேன் என்றும் கேட்டீர்கள். மகள் சிறு குழந்தையாக இருந்தபோது தொடங்கியது. இடது பக்கம் செய்தது, வலது பக்கம் அவர் சொன்னது. பத்திரிகையில் வந்தது, டிவியில் காட்டியது, பிறகு போனில் பார்த்தது என்று எது புதிதாக இருந்தாலும் இடது பக்கம் ஏறிவிடும். விசேஷ நாளைக்கென்று தனியாகப் பக்கம் ஒதுக்கியிருப்பேன். வலது பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். 'ம்'. 'பரவாயில்லை'. 'மறுபடியுமா'. மீதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்து உங்கள் ஆட்கள், நான் எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்தார்களாம். மறக்கவில்லை, எழுத ஒன்றுமில்லை.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளைச் சொல்லாமல் விட முடியாது. கடை முதலாளி, கூட வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுக்காரிகள் என்று பத்துப் பேரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். இரண்டு நாள் சமைத்தேன். முழுக் கோழிக்குள் வெங்காயமும் அவித்த முட்டையும் அடைத்துத் தைத்து, மேலே வெண்ணெய் தடவி, அரைமணிக்கு ஒரு தரம் திருப்பி விட்டுச் சுட்டேன். தக்காளி சூப். மீன் வறுவல். மாதுளை முத்துப் போட்ட சாலட். கேரட் கேக், அதன்மேல் இருபத்தைந்து பாதாம், ஒவ்வொன்றையும் தோலுரித்து நிறுத்தி வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். முதலாளி வீட்டம்மா கோழிக்குள் என்ன வைத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். உதறிவிட்டுத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன். "எப்படிங்க இருக்கு?"

அவர் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? இருபத்தஞ்சு வருஷமா இதே கேள்வி. இவ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறாளான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ரோஷம் இல்லாதவளைக் கேட்கிற கேள்வி அது. நீங்களும் யாரையாவது கேட்டிருப்பீர்கள், சாதாரணமாகச் சொல்கிறதுதான். ஆனால் கையில் கேக்கும் கத்தியுமாக நிற்கிறவளிடம் சொல்லிப் பாருங்கள். கேக்கைப் பதினொரு துண்டாக வெட்டினேன். எனக்கு வைத்துக்கொள்ளவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

அதற்கு நாலரை வருடம் கழித்து, கடையிலேயே, ஒரு வாடிக்கையாளருக்கு வில்லை மாற்றிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தார், ஆனால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்றே ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஸ்பூன்.

"அம்மா, இதுல பாதிதான் சாருக்கு ஒரு நாள் முழுக்க. அதுகூட வேண்டாம், காய்லயே இருக்கிற உப்பு போதும். கூடுச்சுன்னா உடம்புல தண்ணி தேங்கும். மொதல்ல கால் வீங்கும், அப்புறம் நுரையீரல்ல ஏறும். மூச்சு விட முடியாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. அவள் சொன்னதைத் திருப்பி ஒருமுறை அவளிடமே சொல்லிக் காட்டினேன். "கரெக்ட்டும்மா" என்றாள். படிக்காதவள், விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காக யாராவது பேச வந்தால் விடாதீர்கள். எனக்கு முதல் நாளே எல்லாம் தெரியும்.

குப்பியை மேல் அலமாரியில் தூக்கி வைத்தேன். அவருக்கென்று தனியாக நீலக் கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பாத்திரம் வாங்கினேன். நாற்பத்திரண்டு நாள், மேடம், ஒரு கல் உப்பில்லாமல் சமைத்தேன். எலுமிச்சை பிழிந்து பார்த்தேன். மிளகை வறுத்துப் பொடித்துத் தூவினேன். பூண்டைத் தோலோடு சுட்டுப் பிசைந்து சூப்பில் கரைத்தேன். தக்காளியை மணிக்கணக்காகச் சுண்டவைத்தேன். உப்பில்லாமல் ருசியை வரவழைக்க என்னவெல்லாம் வழி இருக்கிறதோ அத்தனையும் தலைகீழாக நின்று செய்தேன். முப்பது வருடம் வாய் திறக்காத மனிதர் அந்த நாற்பத்திரண்டு நாளும் திறந்தார். "பஞ்சைத் திங்கிற மாதிரி இருக்கு." "இதை மாடுகூட மோந்துட்டுப் போயிடும்." "எனக்குச் சோறே வேண்டாம், மாத்திரையை மட்டும் குடு." நோட்டின் வலது பக்கம் முதல் தடவையாக முழு வாக்கியங்களால் நிறைந்தது.

எரிச்சலை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நல்ல சமையலைச் சமைத்தபோது பேசாதவர், கையைக் கட்டிப்போட்டுச் சமைக்கச் சொன்ன பிறகு குறை சொல்கிறார். பாத்திரம் தேய்க்கும்போது தானாகப் பேசிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

நடுவில் மாத்திரையை மாற்றினார்கள். நாற்பதாவது நாள் மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். நான் மருந்து வாங்க வரிசையில் நின்றேன், அவர் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சூப்பை வைத்தேன். இரண்டு ஸ்பூன் குடித்தார். கிண்ணத்தைத் தள்ளவில்லை. திட்டவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நாக்கே செத்துப்போச்சு" என்றார்.

"தெரியும்ங்க. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோங்க."

"இல்ல. நீ நெனைக்கிற மாதிரி இல்ல." ஏதோ சொல்ல வந்தார், என் முகத்தைப் பார்த்தார். "விடு" என்றுவிட்டார்.

நாக்கு செத்துப்போச்சு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள், விடுதியில் தங்கியிருப்பவர்கள், பத்தியம் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வதுதானே. வாய்க்கு ருசியாக எதையாவது போடு என்று அர்த்தம். அவர் என்னிடம் முப்பது வருடத்தில் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. 'ஏதாவது செய்' இல்லை. ருசியாகச் செய்.

மூன்றாம் நாள் அவர் பிறந்தநாள். காலையில் மகள் போன் செய்தாள், அவள் வேறு ஊரில் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். "சரிம்மா, சரிம்மா, சொல்றேன்" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. நான் கோழிக் குழம்பும் உருளைக்கிழங்கும் செய்துகொண்டிருந்தேன். கிழங்கு கொதிக்கத் தொடங்கியபோது மேல் அலமாரியைத் திறந்தேன். அரை ஸ்பூன். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். இல்லை. உப்புப் போட்டுப் பழகிய கை, மேடம். நாற்பத்திரண்டு நாள் சும்மா இருந்ததுதான் அதற்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் சாப்பிட்டார். கையால் குப்பியைத் தேடவில்லை. பாதியில் நிறுத்தி நிமிர்ந்து, கடையில் அந்த நாற்காலியில் இருப்பவர்களைப் பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நெஜமாவே நல்லா இருக்கு. உப்பில்லாமலே எப்படித்தான் இப்படிச் செய்யறியோ."

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தி ஒரு வார்த்தைக்காக அப்படி அழுவாளா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன், ஆனால் நிற்கவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்து வலது பக்கத்தில் எழுதினேன். பிறகு ஒரு கோடு இழுத்து மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, உப்பு, அரை ஸ்பூன் என்றும் எழுதினேன். அதை ஏன் எழுதினீர்கள், மாட்டிக்கொள்வோம் என்று தோன்றவில்லையா என்றீர்கள். சரியாக வந்த பக்குவத்தை எழுதி வைக்காமல் யாராவது விடுவார்களா?

அன்றிலிருந்து வேளை தவறாமல் சொன்னார். மதியம் ஒரு தடவை, சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை. எண்ணிப் பாருங்கள், இருநூற்று எண்பத்தாறு இருக்கும். எங்கே நாக்குப் பழகிப்போய்ச் சொல்வது நின்றுவிடுமோ என்ற பயத்தில் அரை ஸ்பூனை முக்கால் ஆக்கினேன், பிறகு ஒன்று. மறுபடி புதுப்புது யோசனைகளாக வர ஆரம்பித்தன. பூசணிக்காயைக் குடைந்து அதற்குள் சோறு வைத்துச் சுட்டேன். முட்டையை மெல்லிசாகத் தோசைபோல ஊற்றி உள்ளே கீரையை வைத்துச் சுருட்டினேன். காலையில் அவரே கேட்கத் தொடங்கினார், "இன்னைக்கு என்ன செய்யப் போற?" எதிர்வீட்டுத் தையல்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் பிழைத்து வந்ததும் உனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்றாள்.

ஐந்தாம் வாரம் அவருடைய கணுக்காலில் காலுறையின் தடம் பள்ளமாக விழுந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. பிறகு ஷூ நுழையவில்லை. தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அவருக்குக் குனிந்தால் மூச்சு வாங்கும், அதனால் எண்ணை நான்தான் படித்துச் சொல்வேன். மூன்று கிலோ ஏறியிருந்தது. "நேத்து இருந்ததேதான்" என்றேன். அடுத்த வாரம் ஐந்து கிலோ. "அதேதாங்க." ஊருக்கெல்லாம் கண் பார்த்தவர், காலடியில் இருந்த எண்ணுக்கு என்னை நம்பினார்.

இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு வாரத்தில் வீக்கமெல்லாம் வடிந்து நன்றாகிவிடுவார். வீட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் மறுபடி வீங்கும். டாக்டருக்குத் தலை சுற்றியது. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. சாப்பாட்டுல உப்பு சேக்கறீங்களா?"

"ஒரு கல்லு கிடையாது டாக்டர்."

நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலில் இருந்தவர் முந்திக்கொண்டார். "இவளைக் கேக்காதீங்க டாக்டர். உப்பை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு எனக்கே தெரியாது. இவ இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்."

டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மாத்திரையைக் கூட்டி எழுதினார். இரண்டாவது தடவை அனுப்பும்போது வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்தி, இன்னொரு தரம் நுரையீரலில் தண்ணீர் ஏறினால் தாங்க மாட்டார் என்றார். அதுவும் எனக்குப் புரிந்தது.

நிறுத்த நினைக்கவில்லையா என்று கேட்டீர்கள். நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குக் குப்பியைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டு, அந்த நாற்பத்திரண்டு நாளின் பக்கங்களைப் புரட்டினேன். பஞ்சு. மாடு. சோறே வேண்டாம். மறுபடி அங்கே போக என்னால் முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது.

ஒரு விஷயம், நீங்களே தையல்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவளுக்குத் துணி வெட்டத் தெரியும், கஞ்சி வைக்கத் தெரியாது. அடிப்பிடித்த வாடை என் அறைவரை வந்தது. உப்பில்லை, ஒன்றுமில்லை. அவர் அதைக் குடித்துவிட்டு அவளிடம் "நல்லா இருக்கும்மா" என்றார். அதே குரலில். போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்டேன். எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சலே இறங்கியிருக்கும். பிறகு யோசித்தேன், எதிர்வீட்டுப் பெண்பிள்ளை, உதவிக்கு வந்தவள், வேறு என்ன சொல்வார்? அதை நான் நோட்டில் எழுதவில்லை.

முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் வந்தாள். இந்தத் தடவை நாங்கள் மூன்று பேர்தான். ஆனாலும் அந்த இருபத்தைந்தாவது கல்யாண நாள் சாப்பாட்டை அப்படியே திருப்பிச் செய்தேன். அடைத்துத் தைத்த கோழி, தக்காளி சூப், மீன், மாதுளை, கேரட் கேக், முப்பது பாதாம். நீலக் கைப்பிடிப் பாத்திரத்தில் அவருடைய பங்கு சூப். அன்றைக்கு இரண்டு ஸ்பூன் போட்டேன். விசேஷ நாள் இல்லையா.

மகள் அடுப்படிக்கு வந்து, எனக்கு உதவுகிறேன் என்று, கரண்டியை அந்தப் பாத்திரத்தில் விட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள்.

"அம்மா, இது அப்பாவோடதுதானே? உப்பு கரிக்குதே."

"கரண்டி மாறிப்போச்சு. நம்ம சூப்புல விட்டதை இதுல விட்டுட்டேன் போல. கொட்டிட்டு வேற எடுத்து வைக்கிறேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைக்குப் போனாள். நான் கொட்டவில்லை. அவர் அவ்வளவையும் சாப்பிட்டார், தட்டை வழித்துச் சாப்பிட்டார். கேக் வெட்டும்போது, மகள் முன்னால், நான் கேட்காமலே சொன்னார். "முப்பது வருஷத்துல இந்த மாதிரி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்ல." இந்தத் தடவை எனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வண்டி வரும்வரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டார். மகள் என்னோடு அழவில்லை. வீட்டுக்குப் போய், நான் இன்னும் கழுவாமல் வைத்திருந்த நீலக் கைப்பிடிப் பாத்திரத்தை மூடிபோட்டு எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். நான் கழுவாதது சோம்பலால் இல்லை. அவர் அவ்வளவு சொன்ன சாப்பாட்டின் மிச்சம் என்று வைத்திருந்தேன்.

அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் செய்தது சரி.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். நாலு பக்கம். தெரிந்தே உப்புப் போட்டேன், ஆம். டாக்டரிடம் பொய் சொன்னேன், எடையை மறைத்துச் சொன்னேன், ஆம். இறந்துவிடுவார் என்று தெரிந்தும் கடைசி நாள் இரண்டு ஸ்பூன் போட்டேன், ஆம். கொலை என்ற சொல்லை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதையும் நான் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் இருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

அதற்கு ஆதாரமாக ஒரு டாக்டர் சீட்டைக் காட்டினீர்கள். நாற்பதாவது நாள் தேதி. 'நோயாளிக்குப் பத்து நாட்களாக நாவில் சுவை அறவே தெரியவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் தெரியவில்லை. புது மாத்திரையின் விளைவாக இருக்கலாம். மாத்திரையை மாற்ற இயலாது.' மகள் எழுதிக் கொடுத்ததையும் படித்தீர்கள். பிறந்தநாள் காலையில் போனில் அவர் அவளிடம், எனக்கு எதைத் தின்றாலும் ஒன்றுதானம்மா, நாக்கு நிஜமாகவே செத்துவிட்டது, உன் அம்மாவிடம் சொன்னால் இடிந்துபோவாள் என்றாராம். இவள், அப்படியானால் அம்மாவைத் திட்டாதீர்களப்பா, பாவம், தினமும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள் என்றாளாம். அவர், சரிம்மா, சொல்றேன் என்றாராம்.

டாக்டர்கள் அவசரத்தில் யாருடைய சீட்டில் யாருடையதையோ எழுதிவிடுவார்கள். மகளுக்கு இப்போது என்மேல் கோபம், கோபத்தில் எதையும் சொல்வாள். நாக்கு செத்துப்போச்சு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெருவில் போகிற யாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அடிப்பிடித்த அந்தக் கஞ்சிக்கும் இதையேதானே சொன்னார் என்கிறீர்கள். அது மரியாதைக்குச் சொன்னது, மேடம். மரியாதைக்குச் சொல்வது எது, ருசித்துச் சொல்வது எது என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் நான்.